அரக்குத் தட்டு எங்கே அழுத்தப்பட்டது: காவிரிப் படுகையில் பழைய ரிக்கார்டு சேகரிப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் பழைய வீடு ஒன்றைப் பிரித்தால், பரணிலிருந்து இறங்கும் சாமான்களோடு ஒரு கட்டு ரிக்கார்டும் வர வாய்ப்பு உண்டு. சாவி கொடுக்கிற கிராமபோன் பெட்டி ஒரு காலத்தில் மிராசுதார் வீட்டுக் கூடத்துக்கு அழகு. ரிக்கார்டில் பாடியவர்களிலும் வாசித்தவர்களிலும் பலர் இந்த மண்ணைச் சேர்ந்தவர்கள். நாகஸ்வரம் ராஜரத்தினம் பிள்ளை திருவாவடுதுறை. ஜி.என்.பி. என்கிற ஜி.என். பாலசுப்ரமணியம் பிறந்த கூடலூர் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில். தியாகராஜ பாகவதர் மாயவரத்தில் பிறந்தவர். என்.சி. வசந்தகோகிலத்தின் பெயருக்கு முன்னால் நிற்கும் முதல் எழுத்தே நாகப்பட்டினம்தான். ஆகவே இங்கே சேகரிக்க ஆரம்பிப்பவருக்குப் பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு ரிக்கார்டுக்கு மூன்று ஊர் உண்டு. பாட்டைப் பதிவு செய்த ஊர், தட்டை அழுத்திய ஊர், தட்டு விற்பனையான ஊர். சென்னையில் பதிவாகி, ஜெர்மனியில் அழுத்தப்பட்டு, கப்பலில் திரும்பி வந்து கும்பகோணத்தில் விலைபோன தட்டுகள் உண்டு. "லேபிளில் மெட்ராஸ் என்று போட்டிருக்கிறது, அப்போ இது மெட்ராஸ் தட்டு" என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள். அந்த மெட்ராஸ் பெரும்பாலும் ஏஜென்ட்டின் முகவரி. மூன்று ஊரையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

அரக்குத் தட்டுதானா?

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். 78 வேகத் தட்டுகள், அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுபவை, அரக்கால் ஆனவை. மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினோடு கல்பொடி, கரி, கொஞ்சம் பஞ்சு நார் எல்லாம் கலந்து, சூட்டில் அழுத்திச் செய்தது. கலவையில் அரக்கைவிடக் கல்பொடிதான் அதிகம். அதனால்தான் தட்டு கனமாக இருக்கிறது, கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடைகிறது. நகத்தால் விளிம்பைத் தட்டினால் கணீரென்று ஒரு சத்தம் வரும். வினைல் தட்டு மந்தமாகத்தான் ஒலிக்கும், லேசாக வளையும். அரக்குத் தட்டை வளைத்துப் பார்த்துச் சோதிக்காதீர்கள்!

வழக்கமான அளவு 10 அங்குலம், ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம். 12 அங்குலத் தட்டு நான்கு நிமிடத்துக்கு மேல் ஓடும். நம் பக்கம் கிடைப்பது குறைவு. இந்தியாவில் 78 தட்டுகளை 1960களின் பிற்பகுதி வரை அழுத்திக்கொண்டிருந்தார்கள். ஆகவே தட்டு கறுப்பாகவும் கனமாகவும் இருப்பதால் மட்டும் அது நூறு வயதுத் தட்டாகிவிடாது.

எங்கே தேடுவது

அக்ரகாரத்து வீடுகளும் மிராசுதார் வீடுகளும் எல்லோருக்கும் தோன்றும் இடங்கள். வீடு விற்கிறார்கள், இடிக்கிறார்கள் என்று தெரிந்தால் பழைய சாமான்காரர் உங்களுக்கு முன்பே அங்கே நிற்பார். என் கணக்கில் நல்ல இடம் வேறு: பழைய மைக் செட்டுக்காரர்கள். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று குழாய் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டுப் போட்டவர்கள் பெட்டி பெட்டியாக ரிக்கார்டு வைத்திருந்தார்கள். டேப் வந்தபோது அதெல்லாம் கொட்டகை மூலைக்குப் போனது. பெரியவர் இல்லாவிட்டாலும் மகனோ பேரனோ சவுண்ட் சர்வீஸ் நடத்திக்கொண்டிருப்பார். "அண்ணே, அப்பா காலத்துப் பிளேட்டு ஏதாவது பரண்ல கெடக்கா?" என்று கேட்டால் போதும். பிளேட்டு என்றால்தான் பல ஊர்களில் புரிகிறது. இசைத்தட்டு என்றால் நம்மை ரேடியோ ஸ்டேஷன் ஆள் என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஆனால் மைக் செட் தட்டுகள் உழைத்த தட்டுகள். ஒரே சினிமாப் பாட்டு நூற்றுக்கணக்கான கல்யாணம் கண்டிருக்கும். பள்ளங்கள் சாம்பல் பூத்து நிற்கும். வீட்டுப் பரண் தட்டுகளோ குறைவாக ஓடியவை, பூஞ்சை அதிகம் பிடித்தவை. எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

படுகையைத் தாண்டிப் போகிறவர்களுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளும், சென்னை மூர் மார்க்கெட்டும் உண்டு. இரண்டிலும் விலை தெரிந்தவர்கள்தான் விற்கிறார்கள். தட்டு எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது என்ற தகவல் அங்கே கிடைக்காது. விற்ற ஊரைக் கண்டுபிடிக்க நினைப்பவருக்கு அது ஒரு நஷ்டம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

தட்டை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே விளிம்பில் பிடித்து, வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பள்ளங்கள் கறுத்துப் பளபளப்பாக இருந்தால் நல்லது. பாட்டு உரக்கப் போகும் இடங்களில் மட்டும் சாம்பல் நிறம் தெரிந்தால் இரும்பு முள் அங்கே சுவரை அரித்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கழுவிச் சரிசெய்ய முடியாது. விளிம்பிலிருந்து உள்ளே ஓடும் மயிரிழை விரிசலைக் கண்ணைவிடக் காது சீக்கிரம் கண்டுபிடிக்கும்: தட்டினால் கணீர் வராமல் கரகரக்கும்.

நாடக செட் கிடைத்தால் எண்ணிப் பாருங்கள். ஒரு புராண நாடகத்தைப் பல தட்டுகளில் பகுதி பகுதியாகப் பதிவு செய்து செட்டாக விற்றார்கள். லேபிளில் பாகம் எண் இருக்கும். நடுவில் ஒரு தட்டு போனால் கதை அறுந்துவிடும், மதிப்பும் பாதிக்குக் கீழே இறங்கும். கூடவே பாட்டுப் புத்தகம் ஏதாவது கிடைத்தால் விடாதீர்கள். பாடல் வரி, பாடியவர் பெயர் எல்லாம் சரிபார்க்க அதைவிட நல்ல துணை இல்லை.

உறையை நம்ப வேண்டாம். தட்டும் உறையும் இத்தனை வருஷத்தில் மாறி மாறிக் கலந்திருக்கும். ஆனால் தூக்கியும் எறிய வேண்டாம். கடைக்காரர் பெயர் அச்சிட்ட உறையும், லேபிள் மேல் ஒட்டிய சின்ன கடைச் சீட்டும்தான் மூன்றாவது ஊருக்கு, அதாவது விற்ற ஊருக்குச் சாட்சி. உறையைவிடச் சீட்டுக்கு நம்பகம் அதிகம், அது தட்டோடு ஒட்டியிருப்பதால்.

லேபிளைப் படிப்பது

லேபிளில் இருப்பது: கம்பெனி முத்திரை, பாடியவர், பாட்டு, ராகம் தாளம், வரிசை எண், சில சமயம் 'மேட் இன்' என்று ஒரு நாடு. லேபிளைப் பிறகு ஒட்டுவதில்லை, தட்டை அழுத்தும்போதே வைத்துச் சூட்டில் பதிப்பார்கள். அதனால் லேபிள் மேல் இன்னொரு காகிதம் ஒட்டியிருந்தால் விரலுக்கே தெரிந்துவிடும்.

நாய் மார்க் எல்லோருக்கும் தெரியும். ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸின் இந்தியத் தட்டுகளில் 'என்' என்று தொடங்கும் வரிசையும், கொலம்பியாவில் 'ஜிஇ' வரிசையும், நாய் மார்க்கின் மலிவு விலைத் தம்பியான ட்வின்னில் 'எஃப்டி' வரிசையும் அதிகம் கண்ணில் படும். நாய் வருவதற்கு முன்பு கிராமபோன் கம்பெனியின் முத்திரை, இறகுபேனாவோடு உட்கார்ந்து தட்டில் எழுதும் ஒரு தேவதை. தேவதை லேபிள் கையில் கிடைத்தால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், பழைய சரக்கு.

கம்பெனிப் பெயரை முழுதாகப் படிப்பது அவசியம். 'கிராமபோன் அண்ட் டைப்ரைட்டர் லிமிடெட்' என்று இருந்தால் 1900 கடைசிக்கும் 1907 கடைசிக்கும் இடையில். தட்டோடு தட்டச்சு இயந்திரமும் விற்றுப் பார்த்த காலம் அது. டைப்ரைட்டர் உதிர்ந்து 'கிராமபோன் கம்பெனி லிமிடெட்' என்று மட்டும் இருந்தால் அதற்குப் பிந்தியது.

முத்திரை மாறுவதால் ஆலையும் மாறியதாக நினைக்கக் கூடாது. 1931-ல் லண்டனில் கிராமபோன் கம்பெனியும் கொலம்பியாவும் ஒன்றாகி இ.எம்.ஐ. உருவானது. அதன் பிறகு கடையில் போட்டி போட்ட நாய் மார்க்கும் கொலம்பியாவும் கல்கத்தாவில் ஒரே கூரையின் கீழ்தான் அழுத்தப்பட்டன.

லேபிளுக்கு வெளியே: உண்மையான ஜாதகம்

பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே ஒரு வெற்று வளையம் இருக்கும். அங்கே பொறித்திருக்கும் எண்களும் எழுத்துகளும்தான் ஆலை விட்டுச்சென்ற தடயம். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தட்டின் பக்கவாட்டிலிருந்து கிடையாக அடியுங்கள். நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில தட்டுகளில் எண் லேபிளுக்கு அடியில் புடைத்திருக்கும், அதற்கும் இதே டார்ச்தான்.

அங்கே கிடைக்கும் முக்கியமான எண் மேட்ரிக்ஸ் எண். இது ஒரு பக்கத்தின் ஒலிப்பதிவுக்குக் கொடுத்த எண். ஆகவே இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு. வரிசை எண் விற்பனைக்காக வைத்தது, அது மாறலாம். ஒரே பதிவை வேறு வரிசை எண்ணில் மறுபடி வெளியிட்டாலும் மேட்ரிக்ஸ் எண் கூடவே வரும். அதன் வாலில் 1, 2 என்று வரும் எண் எத்தனையாவது தடவை பாடியது என்பதைக் காட்டும். ஒரே பாட்டு, ஒரே வரிசை எண், ஆனால் வால் எண் வேறு என்றால் நீங்கள் கேட்பது வேறு பாட்டு என்றே வைத்துக்கொள்ளலாம், சங்கதிகள் மாறியிருக்கும். இரட்டைப் பிரதி என்று நினைத்து விற்றுவிடாதீர்கள்.

எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன முக்கோணமோ சதுரமோ இருக்கிறதா பாருங்கள். 1925 வரை பதிவு முழுக்கக் குழல் வழிதான். பாடகர் குழலுக்குள் முகத்தை வைத்துக் கத்த வேண்டும். அந்த ஆண்டு இங்கிலாந்தில் மைக் வைத்துப் பதிவு செய்யும் முறை வந்தது, கொஞ்ச நாளில் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. கிராமபோன் கம்பெனித் தட்டுகளில் முக்கோணம் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் முறையைக் குறிக்கும். 1930களின் சதுரம் இங்கிலாந்திலேயே உருவாக்கிய பிற்கால முறைக்கு. குறியே இல்லாவிட்டாலும் காது சொல்லிவிடும்: மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடது பக்கம், கேட்டால் மைக் பதிவு.

பாட்டு முடிந்ததும் முள்ளை உள்ளே இழுத்துப்போகும் ஓடுபள்ளம் இருக்கிறதா என்பதும் ஒரு அடையாளம். 1920களின் முற்பகுதி வரையிலான தட்டுகளில் பெரும்பாலும் இருக்காது. பாட்டு சட்டென்று நின்று முள் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

ஒரு பதிவு தட்டாகும் கதையைத் தெரிந்துகொண்டால் மற்ற கீறல்களும் புரியும். மெழுகில் வெட்டிய மூலத்தின் மேல் உலோகம் படியவைத்து மாஸ்டர் எடுப்பார்கள். அதிலிருந்து மதர், மதரிலிருந்து ஸ்டாம்பர். ஸ்டாம்பர்தான் சூடான அரக்கு மேல் இறங்குகிறது, தேய்ந்ததும் அடுத்தது வரும். இங்கிலாந்தின் ஹேஸ் ஆலையில் லேபிளுக்கு இடதுபக்கம் மதர் எண்ணும், வலதுபக்கம் ஸ்டாம்பர் எண்ணும் குறித்தார்கள். ஸ்டாம்பருக்கு எண்ணுக்குப் பதிலாக எழுத்து. 'கிராமபோன் லிமிடெட்' என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தில் வரும் பத்து எழுத்துகள் 1 முதல் 9 வரையிலும், பிறகு பூஜ்யத்துக்கும்: ஜி 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, பி 6, ஹெச் 7, எல் 8. டீக்கடையின் டீ 9, டாக்டரின் டி பூஜ்யம். ஆகவே 'ஜிஆர்' என்றால் பன்னிரண்டாவது ஸ்டாம்பர். எண் சிறிதாக இருந்தால் அந்த அச்சு முன்னதாகவே வந்தது என்று ஊகிக்கலாம்.

எந்த ஆலை?

ஹானோவர். 1902 நவம்பரில் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃப்ரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தபோது இந்தியாவில் ஆலை கிடையாது. மெழுகுத் தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவருக்குப் போயின. பாட்டின் கடைசியில் பாடகி ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்வது அங்கே லேபிள் போடுகிறவருக்கு யார் பாட்டு என்று தெரிவதற்காக. இந்தக் காலத் தட்டுகள் ஒரு பக்கம் மட்டும் பாடும். மறுபக்கம் வழவழப்பாக, நடுவில் தேவதை முத்திரை அழுந்தியிருக்கும். 'ரீப்ரொட்யூஸ்டு இன் ஹானோவர்' என்ற வரியை லேபிளில் தேடுங்கள்.

சியால்டா. 1908-ல் கல்கத்தாவின் சியால்டாவில் கிராமபோன் கம்பெனி ஆலை திறந்தது. இருபக்கத் தட்டுகள் பரவியதும் அப்போதுதான். ஹானோவரில் ஒருபக்கத் தட்டாக வந்த பழைய பதிவுகளை இங்கே இரண்டிரண்டாகச் சேர்த்து மறுபடி அழுத்தினார்கள். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். பதிவு 1908-க்கு முந்தியது, தட்டு அதற்குப் பிந்தியது. இரண்டையும் குறிப்பேட்டில் தனித்தனியாக எழுத வேண்டும்.

டம்டம். 1920களின் கடைசியில் கல்கத்தாவிலேயே டம்டமுக்கு ஆலை இடம் மாறியது. நம் பரண்களில் இருப்பதில் மிகப் பெரிய பங்கு இங்கே அழுத்தியது. நாய் மார்க், கொலம்பியா, ட்வின் தவிர, சொந்த ஆலை இல்லாத எத்தனையோ உள்ளூர் லேபிள்களுக்கும் டம்டம்தான் அழுத்திக் கொடுத்தது. லேபிளில் தென்னிந்தியப் பெயர் இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம்.

ஜெர்மன் ஓடியன். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். 1932-ல் ஏ.வி. மெய்யப்பனும் கூட்டாளிகளும் சென்னையில் தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ், தென்னிந்தியாவில் ஓடியன் என்ற ஜெர்மன் ரிக்கார்டு கம்பெனிக்கு ஏஜென்ட். பதிவு இங்கே, அழுத்தம் ஜெர்மனியில். லேபிளில் 'மேட் இன் ஜெர்மனி' என்று இருக்கும். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஓடியன் தட்டில்தான் ஊரெல்லாம் பரவியது. 1939-ல் யுத்தம் மூண்டதும் ஜெர்மனிக் கப்பல் நின்றுபோனது. ஆகவே ஜெர்மனி என்று போட்ட தமிழ் ஓடியன் தட்டு 1939-க்குப் பிந்தியதல்ல என்று தானாகவே தெரிந்துவிடுகிறது. திருவாவடுதுறைக்காரரின் தோடி பெர்லின் வரை போய் வந்திருக்கிறதே என்று நினைக்கும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

பம்பாய். நேஷனல் கிராமபோன் ரிக்கார்டு கம்பெனி 1930களின் நடுவிலிருந்து யங் இந்தியா என்ற லேபிளில் தட்டு அழுத்தியது. இ.எம்.ஐ.யைச் சாராத ஆலை. நம் பக்கம் எப்போதாவதுதான் கிடைக்கும்.

யுத்த காலத்துத் தட்டுகளுக்கு ஒரு எச்சரிக்கை. அரக்குக்குத் தட்டுப்பாடு வந்தபோது பழைய தட்டுகளைப் பொடித்துக் கலந்து அழுத்துவது உலகம் முழுக்க நடந்தது. பார்வைக்குப் புதுசாக இருந்தும் சரசரவென்று இரையும் தட்டு இருந்தால் முள்ளையோ பெட்டியையோ குறை சொல்லாதீர்கள், சரக்கே அப்படி.

ஆலைப் பெயர் எங்குமே இல்லாவிட்டால்? நிச்சயமாகத் தெரிந்த ஒரு தட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். லேபிளைச் சுற்றிய அழுத்த வளையத்தின் விட்டம், விளிம்பு உருண்டையா தட்டையா, பொறித்த எண்ணின் எழுத்து வடிவம் ஆகிய மூன்றும் ஒத்துவந்தால் ஒரே ஆலை என்று பென்சிலில் எழுதலாம். பேனாவில் எழுத இன்னொரு சான்று வேண்டும். பிரிட்டிஷ் நூலகம் யங் இந்தியா, ஓடியன் தட்டுகளை எண்ம வடிவில் சேகரித்து வைத்திருக்கிறது. உங்கள் எண்ணை அங்கே தேடிப் பார்க்கலாம்.

வேகமும் சுருதியும்

78 என்பது பிற்காலத்தில் நிலைத்த வேகம். தொடக்க காலத் தட்டுகள் 70-லிருந்து 80-க்கு மேல் வரை எதிலும் இருக்கலாம். வேகம் சுமார் 6 சதவீதம் மாறினால் சுருதி அரைக் கட்டை மாறும். 78-ல் பதிவானதை 73½-ல் ஓட்டினால் ஒன்றரைக் கட்டைப் பாடகர் ஒரு கட்டைக்கு இறங்கிவிடுவார். இந்த ஊரில் காது உள்ளவர்களுக்குப் பஞ்சமில்லை, பக்கத்து வீட்டு நாகஸ்வரக்காரரை உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். ஒரே நாளில் பதிவான இரண்டு பக்கங்களும் ஒரே சுருதிக்கு வர வேண்டும் என்பது நல்ல அளவுகோல். பெட்டியின் வேகத்தைச் சோதிக்க, தட்டின் மேல் வைத்துச் சுற்றவிடும் 77 கோடுள்ள ஸ்ட்ரோப் அட்டை கிடைக்கும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், பழைய சோக் வைத்த டியூப்லைட்டின் கீழ் கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி. எல்.இ.டி. விளக்கில் பெரும்பாலும் வேலை செய்யாது.

வினைல் தட்டுக்கான எல்.பி. முள்ளை வைக்காதீர்கள். 78-ன் பள்ளம் அகலம், அதற்குச் சுமார் 75 மைக்ரான் முள் வேண்டும். எல்.பி. முள் அடியில் போய் அழுக்கைத்தான் படிக்கும். சாவிப் பெட்டியில் போட்டால் பக்கத்துக்கு ஒரு புது இரும்பு முள். பித்தளைக் குழல் பளபளக்கும் புதுக் கிராமபோன்களை அலங்காரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நல்ல தட்டை அதில் ஏற்ற வேண்டாம்.

கழுவுவதும் காப்பதும்

ஸ்பிரிட், சானிடைசர், கொலோன் எதுவும் ஆகாது. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிற பழக்கமும் வேண்டாம், தூசி அப்பிக்கொள்ளும். வாலை வடிநீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு, மெல்லிய பருத்தித் துணி, பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, சுத்த நீரால் ஒருமுறை எடுத்து, உடனே ஒற்றி நிழலில் நிறுத்துங்கள். லேபிள் நனையக் கூடாது. ஊறப்போடவும் கூடாது, உள்ளே இருக்கும் நார் தண்ணீர் குடிக்கும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் இங்கே பெரிய எதிரி. தட்டின் மேல் வெண்மையாகப் பூக்கும் பூஞ்சை அந்த இரண்டு மாதத்தில்தான் பரவுகிறது. வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வைக்காதீர்கள். பழைய உறைகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத் தட்டுக்குப் புது அமிலமற்ற காகித உறை போடுங்கள். கரையான் முதலில் வருவது உறைக்குத்தான். புத்தகம் மாதிரி நேராக நிறுத்துங்கள், சாய்ந்தால் வளையும், அடுக்கினால் அடித்தட்டு விரியும். ஐம்பது தட்டு பத்துக் கிலோவைத் தாண்டும், பலகை அதைத் தாங்க வேண்டும். பஸ்ஸில் கொண்டுவருவதானால் நிறுத்திய நிலையில், இடைவெளி இல்லாமல் அட்டை சொருகி, மடியில். வெயிலில் நிறுத்திய காரில் மறந்தால் அப்பளம்தான்.

குறிப்பேடு

தட்டுக்கு ஒரு பக்கம். லேபிள், வரிசை எண், இரு பக்க மேட்ரிக்ஸ் எண்கள், வால் எண், முக்கோணம் போன்ற குறிகள், லேபிளில் உள்ள நாடு, பாடியவர், ராகம், நிலைமை. அப்புறம் மூன்று ஊருக்கு மூன்று வரி: பதிவு, அழுத்தம், விற்பனை. தெரியாததைக் காலியாக விடுங்கள். தட்டு எந்த ஊரில், எந்த மாதிரி வீட்டில் கிடைத்தது என்பதையும் எழுதுங்கள். உடைந்த தட்டு கிடைத்தாலும் லேபிளும் வளையமும் உள்ள துண்டைப் படம் எடுத்துக் குறித்துவிட்டே விடுங்கள். வேறொருவரின் முழுத் தட்டுக்கு அந்த எண் சாட்சியாகலாம்.

எண்ம வடிவுக்கு மாற்றும்போது சத்தத்தைச் சுத்தம் செய்யாத மூலக் கோப்பு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்யும் மென்பொருள் கரகரப்போடு தம்புராவையும் தின்றுவிடும். பொதுவில் பகிர்வதற்கு முன் உரிமையைப் பாருங்கள். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு காப்புரிமை. பாடலை இயற்றியவருக்கும் இசையமைத்தவருக்கும் உள்ள உரிமை தனி. அது அவர்கள் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு நீளும். தியாகராஜர் கீர்த்தனை என்றால் அந்தக் கவலை இல்லை, 1930களின் நாடகப் பாட்டு என்றால் இரண்டையும் தனித்தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும்.